மனிதன் இரையாகும் படங்கள்: எங்கே தொடங்கி, எதைக் கவனித்து, எப்படிப் பார்ப்பது

விலங்குகளைச் சுட்டுச் சுட்டு அலுத்துப்போன ஒருவன், இனி மனிதனைத்தான் வேட்டையாட வேண்டும் என்று முடிவெடுக்கிறான். ஒரு தீவு அல்லது காடு, துரத்தச் சிலர், ஓட ஒருவர். கதை இவ்வளவுதான். இதை வைத்துத் தொண்ணூறு வருடங்களுக்கும் மேலாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சொற்பக் காசில், அவசரமாக எடுக்கப்பட்டவை. ரத்தமும் அரைகுறை உடையும் போட்ட போஸ்டரைக் காட்டிக் கூட்டம் சேர்த்த இந்த மாதிரிப் படங்களுக்கு எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள் என்று பெயர்.

நான் இவற்றைத் தப்பான வரிசையில் பார்க்கத் தொடங்கினேன். மிகக் கொடூரமான ஒன்றை முதலில் போட்டு, பாதியில் நிறுத்திவிட்டு, இந்த வகையே வேண்டாம் என்று பல வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். பிறகு பழைய படங்களிலிருந்து வரிசையாக வந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இந்தப் படங்களில் முக்கியமான காட்சி ஓட்டமோ கொலையோ இல்லை. அதற்கு முந்தைய இரவு, வேட்டைக்காரன் உட்கார்ந்து பேசும் காட்சி. பெரும்பாலும் அது ஒரு சாப்பாட்டு மேசை. தான் செய்யப்போவது ஏன் சரி என்று அவன் அங்கே விளக்குவான். படம் தேறுமா தேறாதா என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மேசையைத் தேடித்தான் போகிறது.

படி 1: முதலில் கதையைப் படியுங்கள்

ரிச்சர்ட் கானல் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதை 1924 ஜனவரியில் காலியர்ஸ் இதழில் வந்தது. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். அமெரிக்காவில் அதன் காப்புரிமைக் காலம் முடிந்து 2020-லேயே பொதுவுடைமை ஆகிவிட்டது, அதனால் தேடினால் எளிதில் கிடைக்கும்.

ரெயின்ஸ்ஃபோர்டு என்ற பெயர்பெற்ற வேட்டைக்காரர் கப்பலிலிருந்து தவறி விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறார். அங்கே ஜெனரல் ஸாரோஃப் என்ற ரஷ்யப் பிரபுவின் மாளிகை. நல்ல விருந்து, நல்ல மது, நல்ல பேச்சு. அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வருகிறது. விலங்குக்கு இருப்பது உள்ளுணர்வு மட்டும், யோசிக்கும் மூளை இல்லை, ஆகவே சவால் இல்லை என்கிறார் ஸாரோஃப். அவருடைய விதி இது: இரைக்குச் சாப்பாடும் ஒரு வேட்டைக் கத்தியும் தருவார், மூன்று மணி நேரம் முன்னால் ஓடவிடுவார், பிறகு சின்னக் கைத்துப்பாக்கியோடு பின்தொடர்வார். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் விடுதலை.

படிக்கும்போது ஒரு பத்தியில் நின்று போங்கள். தீவுக்கருகே கப்பல்களை ஏமாற்றி மோதவைத்து, பிழைத்து வருபவர்களைத்தான் ஸாரோஃப் இரையாக்குகிறார். அவர்கள் யார் என்று அவரே பட்டியல் போடுகிறார். அதில் லஸ்கர்களும் உண்டு. அதாவது இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர்கள். அப்படிப்பட்ட இருபது பேரைவிட ஒரு நல்ல சாதிக் குதிரைக்கு மதிப்பு அதிகம் என்கிறார். தமிழில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த இடம் வேறு மாதிரி உறைக்கும். எனக்கு உறைத்தது. அந்த மேசையில் பேசப்படுவது வீரம் இல்லை, யாருடைய உயிர் மலிவு என்ற கணக்குதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரையாக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வேட்டைக்காரன் அதற்கு என்ன காரணம் சொல்கிறான்? இரைக்கு எவ்வளவு அவகாசம், என்ன ஆயுதம் தருகிறான்?

படி 2: 1932 படம், நல்ல பிரதியில்

இந்தக் கதையை வைத்து வந்த முதல் படம், கதையின் அதே பெயரில். ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் நிறுவனம் எடுத்தது. எர்னஸ்ட் ஷூட்சாக், எர்விங் பிஷெல் இருவரும் இயக்கினார்கள். 63 நிமிடம்தான். 'கிங் காங்' படத்துக்குப் போட்ட காட்டு செட்டிலேயே இதையும் எடுத்தார்கள். அதில் நடித்த ஃபே ரேயும் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங்கும் இதிலும் இருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பள்ளத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் அந்தப் பெரிய மரத்தை நீங்களே அடையாளம் கண்டுபிடிப்பீர்கள். செலவான செட்டை இன்னொரு படத்துக்கும் பயன்படுத்தும் சிக்கனம் இந்த வகைக்குப் பிறவியிலேயே வந்தது.

ஸாரோஃபாக நடித்த லெஸ்லி பேங்க்ஸ் முதல் உலகப் போரில் முகத்தில் காயம்பட்டவர். முகத்தின் ஒரு பக்கம் சரியாக அசையாது. கேமரா எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அதற்கேற்ப அவர் நல்ல விருந்தோம்பியாகவும் கொடூரனாகவும் மாறி மாறித் தெரிவார். மாளிகைக் கூடத்தில் அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும்.

படத்தில் கதையை முக்கியமாக இரண்டு இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். கதையில் இல்லாத ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். வேட்டையில் ஜெயித்தால் அவளும் பரிசு என்ற எண்ணம் ஸாரோஃபின் பேச்சில் வந்து சேர்கிறது. பின்னால் வந்த மட்டமான படங்களில் பாதி இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளம்பியவை. இன்னொன்று முடிவு. அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இதில் வேலைக்காரன் இவானாக வருபவர் நோபிள் ஜான்சன். அவர் கறுப்பின நடிகர். மாவுபோல மேக்கப் பூசி ரஷ்யக் கோஸாக்காக நடித்திருக்கிறார். அந்தக் கால ஹாலிவுட்டில் இப்படி நடந்தது மிக அபூர்வம்.

பிரதி விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்காவில் இந்தப் படம் பொதுவுடைமையாகிவிட்டதால், யார் யாரோ மங்கலான பிரதிகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூடுபனிக் காட்சி முழுவதும் சாம்பல் குழம்பாகத் தெரியும். சீர்செய்யப்பட்ட பிரதியைத் தேடிப் பிடியுங்கள். இந்தப் படத்துக்கு ஒளியும் நிழலும்தான் உயிர்.

படி 3: இந்தக் கதை சின்ன முதலாளிகளுக்கு ஏன் பிடித்தது?

பட வரிசையில் மேலே போவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ஸ்டுடியோக்கள் படத்தையும் எடுத்துத் தியேட்டரையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தியேட்டர்கள் கைவிட்டுப் போனதும் ஸ்டுடியோக்கள் சின்னப் படங்களைக் குறைத்துக்கொண்டன. ஆனால் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் கொட்டகைகளுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போடச் சரக்கு வேண்டும். அந்த இடைவெளியில் சின்னத் தயாரிப்பாளர்கள் நுழைந்தார்கள். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் தலைப்பையும் போஸ்டரையும் முதலில் தயார் செய்துவிட்டு, பிறகு கதை எழுதவைத்தன.

அப்படிப்பட்டவர்களுக்கு மனித வேட்டை லட்டு மாதிரியான கதை. காடு போதும், செட் வேண்டாம். நடிகர்கள் பத்துப் பேர் போதும். ஹீரோவுக்கு ஒரே உடை, அதுவும் கிழியக் கிழியத்தான் நல்லது. வெயிலில் எடுத்தால் விளக்குச் செலவு மிச்சம். மற்றக் கதைகளில் பணமில்லாதது குறையாகத் தெரியும். இங்கே, நிராதரவான ஒருவன் வெட்டவெளியில் ஓடுகிறான் என்பதே கதை என்பதால், படத்தின் ஏழ்மை அவனுடைய ஏழ்மையோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் சொற்பக் காசில் எடுத்தவையும் சில சமயம் நம்மை உலுக்கிவிடுகின்றன.

படி 4: வில்லன் எந்த நாட்டுக்காரன் என்று குறித்துவையுங்கள்

1945-ல் அதே ஆர்.கே.ஓ. 'எ கேம் ஆஃப் டெத்' என்று மறுபடி எடுத்தது. இயக்கியவர் ராபர்ட் வைஸ். பிற்காலத்தில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர். 1932 படத்தின் துண்டுகளையே இதில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் வில்லன் இப்போது ரஷ்யன் இல்லை, ஜெர்மானியன். 1956-ல் ராய் போல்டிங் இயக்கிய 'ரன் ஃபார் தி சன்' வந்தது. இதில் வேட்டையாடுபவர்கள் மெக்சிகோ காட்டில் ஒளிந்திருக்கும் நாஜியும் அவனோடு சேர்ந்த பிரிட்டிஷ் துரோகியும். 1961-ல் வந்த 'பிளட்லஸ்ட்!' படத்தில் வில்லன் படித்த அருங்காட்சியகக்காரர். போரில் குறிபார்த்துச் சுடும் வேலை பார்த்தபோது கொலையில் ருசி கண்டவர். இந்த 68 நிமிடப் படம் நடிப்பிலும் வசனத்திலும் பலவீனமானது, ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகப் பாருங்கள். கொலைகாரனை உருவாக்கியது அயல்நாட்டு ரத்தம் இல்லை, நம் தரப்பில் நின்று நடத்திய போர்தான் என்று ஒரு மலிவான டிரைவ்-இன் படம் 1961-லேயே சொல்லிவிட்டது.

இந்த மூன்றில் நேரம் குறைவென்றால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். படமாக அதுதான் சிறந்தது.

படி 5: மேசையே இல்லாத படம்

கார்னல் வைல்ட் இயக்கி நடித்த 'தி நேக்கட் ப்ரே', 1965. ஜான் கோல்ட்டர் என்ற, மலைகளில் திரிந்த அமெரிக்க வேட்டைக்காரர், பிளாக்ஃபுட் பழங்குடியினரிடமிருந்து நிர்வாணமாக ஓடித் தப்பிய பழைய சம்பவத்தை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வசனம் மிகக் குறைவு. ஆனாலும் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. வேட்டையாடுபவர்கள் தங்களுக்குள் அழுவதையும் சண்டையிடுவதையும் காட்டும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆப்பிரிக்கர்களை வெள்ளைக்காரனின் கண் வழியாக மட்டும் பார்க்கும் பழக்கம் இதிலும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. யாரும் காரணம் சொல்லிப் பேசாதபோது இந்தக் கதை என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இதை வரிசையில் வைத்தேன். வெறும் மூச்சும் காலும் தண்ணீர்த் தாகமும் மிஞ்சும்.

படி 6: அரசாங்கம் வேட்டைக்கு வரும்போது

பீட்டர் வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இயக்குநர் 1971-ல் எடுத்த 'பனிஷ்மென்ட் பார்க்' படத்தை நிதானமாகப் பாருங்கள். ஆவணப்படம் போலவே கையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு, பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் இல்லாதவர்களை வைத்து, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் எடுத்தது. வியட்நாம் போருக்கு எதிரான இளைஞர்களை ஒரு விசாரணைக் குழு குற்றவாளிகள் என்கிறது. நீண்ட சிறைவாசம் வேண்டுமா, அல்லது பாலைவனத்தில் 53 மைல் நடந்து மூன்று நாளுக்குள் அமெரிக்கக் கொடியைத் தொட வேண்டுமா என்று கேட்கிறது. அவர்களைத் துரத்துவது பயிற்சி எடுக்கும் காவலர்கள்.

இதில் மேசை இருக்கிறது. விசாரணைக் கூடாரத்தின் மேசை. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பிரபுக்கள் இல்லை, சாதாரணக் குடிமக்கள். வில்லனுக்குரிய சிரிப்பு எதுவும் இல்லாமல், தாங்கள் நாட்டுக்கு நல்லது செய்வதாகவே நம்பிப் பேசுகிறார்கள். துரத்தலும் விசாரணையும் மாறி மாறி வரும்போது நமக்கு மூச்சு முட்டும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

படி 7: எங்கே நிறுத்திக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

அமெரிக்கத் தணிக்கை விதிகள் தளர்ந்த பிறகு, 1970-களில் பெண்களை இரையாக்கும் படங்கள் வரிசையாக வந்தன. மலிவுப் படங்களுக்குப் பெயர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் நியூ வேர்ல்டு பிக்சர்ஸ் வெளியிட்ட 'தி வுமன் ஹன்ட்' 1972-ல் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டது. காடும் ஆட்களும் அங்கே மலிவு என்பதால் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அந்த நாட்டையே பின்புலமாகப் பயன்படுத்திய காலம் அது. இயக்கிய எடி ரொமேரோ சொந்த நாட்டில் மதிக்கப்பட்டவர். 2003-ல் பிலிப்பைன்ஸின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றார்.

இந்தப் பிரிவில் பல படங்கள் பாலியல் வன்முறையை வேடிக்கைப் பொருளாகக் காட்டுகின்றன. வரலாறு தெரிய வேண்டுமென்றால் ஒன்று பார்த்தால் போதும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஓடுகிறவளின் பயத்தைக் காட்டுகிறதா, அவள் உடம்பை மட்டும் காட்டுகிறதா? இரண்டாவது என்றால் படம் வேட்டைக்காரனோடு பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நிறுத்திவிடுங்கள்.

படி 8: 'டர்க்கி ஷூட்', பணம் தீர்ந்த கதையோடு சேர்த்து

1982-ல் வந்த ஆஸ்திரேலியப் படம். பிரையன் டிரென்சார்டு-ஸ்மித் இயக்கியது. எதிர்காலச் சர்வாதிகார அரசு, சொல்பேச்சு கேட்காதவர்களை மறுகல்வி முகாமில் அடைக்கிறது. முகாம் தலைவரும் அவருடைய வசதிபடைத்த விருந்தாளிகளும் கைதிகளை வேட்டையாடுகிறார்கள். விருந்தாளிகள் ஆளுக்கொரு இரையைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் மேசைக்காட்சிக்குச் சமம்.

இது எடுக்கப்பட்ட விதம் தெரிந்தால் படம் வேறு மாதிரி தெரியும். அப்போது ஆஸ்திரேலியாவில் 10பிஏ என்றொரு வரிச்சலுகை இருந்தது. படத்தில் 100 டாலர் போட்டவர் 150 டாலருக்கு வரிக்கழிவு காட்டலாம். பணம் குவிந்தது, படங்களும் குவிந்தன. ஆனால் குவீன்ஸ்லாந்துக் காட்டில் இந்தப் படம் தொடங்கும் நேரத்தில் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. 44 நாள் ஷூட்டிங் 28 நாளாகச் சுருங்கியது. அந்த எதிர்கால உலகத்தை விளக்கும் தொடக்கக் காட்சிகள் கைவிடப்பட்டன.

அதன் விளைவைத் திரையில் பார்க்கலாம். உலகம் எப்படி இப்படி ஆனது என்ற அரசியல் விளக்கம் போய்விட்டது; முகாமும் வேட்டையும் மட்டும் மிஞ்சின. இழந்ததை ஈடுகட்ட இயக்குநர் ரத்தத்தையும் வேகத்தையும் கூட்டினார். வெடிக்கும் தலை, வெட்டுப்படும் கை, சர்க்கஸிலிருந்து வந்த ஓநாய் மனிதன் என்று போகிறது. ஆஸ்திரேலிய விமர்சகர்கள் அன்று இதைக் கிழித்தெறிந்தார்கள். எனக்கு இந்தப் படம் குறைபாடுகளோடும் பிடிக்கும். கடைசி அரைமணி நேரத்தில் கைதிகள் திருப்பி அடிக்கும்போது இருக்கும் ஆவேசம் நிஜமானது.

தேடும்போது பெயரில் குழம்பாதீர்கள். அமெரிக்காவில் 'எஸ்கேப் 2000' என்ற பெயரிலும், பிரிட்டனில் 'பிளட் கேம்ப் தாட்சர்' என்ற பெயரிலும் வெளியானது. முகாம் தலைவரின் பெயர் தாட்சர், அப்போது பிரிட்டனின் பிரதமரும் மார்கரெட் தாட்சர். சில நாட்டுப் பிரதிகளில் நிறைய வெட்டப்பட்டிருக்கும், ஆகவே ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 9: வீடியோ கடைக் காலம்

இதற்கு 'டெட்லி ப்ரே' ஒன்று போதும். 1987, இயக்கம் டேவிட் பிரையர், ஹீரோ அவருடைய தம்பி டெட் பிரையர். வீட்டுக் குப்பையை வெளியே வைக்க வந்தவனைக் கூலிப்படை தூக்கிக்கொண்டு போகிறது, பயிற்சிக்காக வேட்டையாட. அவன் முன்னாள் ராணுவ வீரன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தியேட்டரை நம்பாமல் வீடியோ கேசட்டுக்காக எடுத்த படம். மேசைப் பேச்சு கிட்டத்தட்ட இல்லை, காரணமும் இல்லை. நண்பர்களோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றது.

படி 10: மேசை திரும்பி வருகிறது

1990-களில் பெரிய நடிகர்கள் வந்தார்கள். ஹாங்காங் இயக்குநர் ஜான் வூவின் முதல் ஹாலிவுட் படம் 'ஹார்ட் டார்கெட்' 1993-ல் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் தெருவில் வீடில்லாமல் கிடக்கும் முன்னாள் ராணுவ வீரர்களைப் பணக்காரர்கள் காசு கொடுத்து வேட்டையாடுகிறார்கள். மலிவுப் படம் இல்லை, ஆனால் மலிவுப் படங்களின் ரத்தம் இதில் ஓடுகிறது.

அடுத்த வருடம் வந்த 'சர்வைவிங் தி கேம்' இன்னும் நெருக்கமானது. இயக்குநர் ஸ்பைக் லீயின் ஒளிப்பதிவாளராக இருந்த எர்னஸ்ட் டிக்கர்சன் இயக்கியது. வீடற்ற கறுப்பினத்தவராக ராப் பாடகர் ஐஸ்-டி. மலைவழி காட்டும் வேலை என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். முதல் நாள் இரவு மேசையில் அவரும் வேட்டைக்காரர்களும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். வேட்டைக்காரர்களில் ஒருவராக நடித்த கேரி பியூசி, சிறுவயதில் தன் அப்பா தன்னை வளர்ப்பு நாயோடு சண்டையிட வைத்த கதையைச் சொல்கிறார். அந்தப் பேச்சு ஓடும் நிமிடங்களில் கேமரா அதிகம் எதுவும் செய்வதில்லை. மனிதனை இரையாக்கும் ஒருவன் எந்த வீட்டில் தயாராகிறான் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. அதே மேசையில் இன்னொரு வேட்டைக்காரரின் மகனும் இருக்கிறான். இரை யார் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் முகத்தையும் பாருங்கள்.

படி 11: 'பக்குராவ்', அப்புறம் மறுபடி கதையின் கடைசி வரி

க்ளேபர் மென்டொன்ஸா ஃபிலியோவும் ஜூலியானோ டோர்னெலிஸும் இயக்கிய இந்தப் பிரேசில் படம் 2019-ல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு பெற்றது. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட கிராமம் ஒன்று திடீரென்று வரைபடத்திலிருந்து காணாமல் போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் அந்த ஊரையே வேட்டைக்களமாக்கியிருக்கிறார்கள். இதுவரை பார்த்த படங்களின் எல்லாப் பொருட்களும் இதில் வரும். ஒரே வித்தியாசம், படம் முதல் பாதி முழுக்க இரைகளோடு வாழ்கிறது. அவர்களுடைய சாவு வீடு, பள்ளிக்கூடம், சின்ன அருங்காட்சியகம் எல்லாம் நமக்குப் பழகிவிடுகிறது.

இங்கேயும் மேசை உண்டு. வேட்டைக்காரர்களுக்கு உதவ வந்த இரண்டு தென்பிரேசில்காரர்கள், தாங்கள் வசதியான பகுதியிலிருந்து வந்தவர்கள், ஐரோப்பிய வம்சாவளி, உங்களைப் போலத்தான் என்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகு நடப்பதை நீங்களே பாருங்கள். 1924-ல் ஸாரோஃப் போட்ட பட்டியல் நினைவுக்கு வரும்.

இதைப் பார்த்த அன்றே கானலின் கதையின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுங்கள். 1932 படத்தில் காயம்பட்ட ஸாரோஃப் தன் நாய்களிடமே விழுகிறான். காதலர்கள் படகில் தப்பிக்கிறார்கள். கதையில் படகு இல்லை. தப்பி வந்த ரெயின்ஸ்ஃபோர்டு, ஸாரோஃபின் படுக்கையறைத் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்கிறார் ஸாரோஃப். ரெயின்ஸ்ஃபோர்டு அதை ஏற்கவில்லை, நான் இன்னும் வேட்டையாடப்படும் மிருகம்தான் என்கிறார். தோற்பவன் நாய்களுக்கு, ஜெயிப்பவனுக்கு இந்தக் கட்டில் என்று ஸாரோஃப் அழகாக விதி சொல்கிறார். சண்டையைக் கானல் எழுதவே இல்லை. இதைவிட நல்ல படுக்கையில் தான் தூங்கியதே இல்லை என்று ரெயின்ஸ்ஃபோர்டு நினைப்பதோடு கதை முடிகிறது.